சுத்தத்தின் பாடத்தை நாம் மீண்டும் படித்த கதை



பலரும் வாய்விட்டுப் பேசத் தயங்கும் ஓர் உடல் உபாதையைப் பற்றியது இக்கட்டுரை. ஆணுறுப்பின் முனையில் ஏற்படும் அழற்சியே அது. மருத்துவர்கள் அதனைப் பாலனைட்டிஸ் என்பர். இதனை எழுதலாமா, வேண்டாமா எனப் பல நாட்கள் யோசித்தோம். மதரஸாவில் பாடம் நடத்தும் ஒருவர் இத்தகைய விஷயத்தை, அதுவும் தமக்கே நேர்ந்த ஒன்றை, எழுதுவது பொருத்தமாகுமா என்ற கேள்வி எம்மை வாட்டியது. ஆயினும், நாம் தனியே பட்ட துன்பத்தை இன்னொரு சகோதரரும் தனியே படக்கூடாது என்ற எண்ணமே இறுதியில் வென்றது.

நாம் ஏறத்தாழ 20 ஆண்டுகளாக ஃபிக்ஹ் பாடம் நடத்தி வருகிறோம். ஃபிக்ஹ் நூல்கள் தஹாரத் எனும் தூய்மைப் பாடத்தில்தான் தொடங்குகின்றன. தண்ணீரின் வகைகள், மலஜலம் கழித்தபின் செய்யும் இஸ்தின்ஜா, உளூ, கடமையான குளிப்பு என்று ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்களுக்கு அவற்றையே விளக்கி வந்திருக்கிறோம். இவ்வளவு காலம் தூய்மையைக் கற்பித்த ஒருவருக்கு, தூய்மையோடு நேரடித் தொடர்புடைய ஓர் உறுப்பில் நோய் வரும் என்று நாம் கனவிலும் எண்ணியதில்லை. மேலும், எமக்குச் சிறு வயதிலேயே சுன்னத் செய்யப்பட்டுவிட்டது. சுன்னத் செய்தவருக்கு இந்நோய் வரவே வராது என்பது எம் உறுதியான எண்ணமாக இருந்தது. அங்கேதான் எம் முதல் தவறு தொடங்கியது.

சென்ற ஆண்டு கோடையில் ஒருநாள், ஃபிக்ஹ் நூல்கள் ஹஷஃபா எனக் குறிப்பிடும் முனைப்பகுதியில் மெல்லிய அரிப்பை உணர்ந்தோம். வெயிலின் கடுமையால் வந்த வியர்வை அரிப்பு என்று எண்ணிப் பொருட்படுத்தவில்லை. இரண்டு நாட்களில் அவ்விடம் சிவந்தது. சிறுநீர் பட்டால் எரிந்தது. ‘சுத்தம் போதவில்லை போலும்’ என்று முடிவு செய்து, ஒவ்வொரு முறை இஸ்தின்ஜா செய்யும்போதும் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவினோம். குணமாகவில்லை. பிறகு, வீட்டில் தரை துடைக்கவும் காயம் கழுவவும் வைத்திருந்த கிருமிநாசினித் திரவத்தைத் தண்ணீரில் கலந்து கழுவினோம். மறுநாளே தோல் உரிந்து, நடப்பதும் சிரமமாகிவிட்டது. தொழுகையில் அமர்ந்து எழும் ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

உடல் வேதனையை விட மனவேதனை பெரிதாயிருந்தது. இவ்வகை நோய்கள் தவறான உறவினால் மட்டுமே வருபவை என்றுதான் நம் சமுதாயத்தில் பலர் எண்ணுகிறார்கள். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஒரு தவறும் செய்யாத எமக்கு இது எப்படி வந்தது என்ற குழப்பம் ஒருபுறம். எம் துணைவியார் அறிந்தால் என்ன நினைப்பாரோ என்ற அச்சம் மறுபுறம். எனவே மாணவர்களின் தேர்வுத்தாள்களைத் திருத்தும் வேலை இருப்பதாகச் சொல்லி, இரவுகளில் முன்னறையிலேயே உறங்கத் தொடங்கினோம். உண்மையில், திருத்த வேண்டிய தாள் ஒன்றுகூட எம் கையில் இருக்கவில்லை.

ஊரில் உள்ள மருந்துக் கடையில் கேட்டால் செய்தி பரவிவிடும் என்று பயந்து, பேருந்தில் ஏறிப் பக்கத்து நகருக்குச் சென்றோம். தொடையிடுக்கில் அரிப்பு என்று பாதி உண்மையைச் சொல்லி ஒரு களிம்பு வாங்கி வந்தோம். நான்கு நாட்களில் சிவப்பு வெகுவாகக் குறைந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று நிம்மதி அடைந்தோம். களிம்பை நிறுத்திய மூன்றாம் நாள், முன்பைவிடக் கடுமையாக அழற்சி திரும்பியது. மீண்டும் தடவினோம், அடங்கியது. நிறுத்தினோம், மூண்டது. இப்படியே ஒன்றரை மாதம் கழிந்தது.

ஒருநாள் இஷாவுக்குப் பின் எம் துணைவியார் எதிரில் வந்து அமர்ந்தார். அவரும் பெண்கள் மதரஸாவில் பாடம் நடத்துபவர். களிம்புக் குழாயைக் கையில் வைத்திருந்தார். எம்மால் அதற்குமேல் மறைக்க இயலவில்லை. அனைத்தையும் சொன்னோம். வெட்கத்தினால்தான் மருத்துவரிடம் செல்லவில்லை என்றும், வெட்கம் ஈமானின் ஒரு பகுதியல்லவா என்றும் கூறினோம். அவர் சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டுச் சொன்னார்:

“என்னங்க, அலி ரலியல்லாஹு அன்ஹு அவங்களும் ஒரு விஷயத்தைக் கேட்க வெட்கப்பட்டாங்க. ஆனா மிக்தாத் ரலியல்லாஹு அன்ஹு அவங்களை அனுப்பியாவது கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாங்க. நீங்க ஆளும் அனுப்பல, கேட்கவும் இல்ல. இது வெட்கம் இல்லைங்க, பயம்.”

ஆண்டுதோறும் நாம் வகுப்பில் சொல்லும் வரலாறுதான் அது. இச்சைநீர் எனப்படும் மதீ அடிக்கடி வெளிப்பட்டதால் அதன் சட்டத்தை அறிய விரும்பினார்கள் அலி (ரலி). நபி (ஸல்) அவர்களின் மகளே தம் துணைவியாக இருந்தமையால் நேரில் கேட்க வெட்கப்பட்டு, தோழர் மூலம் கேட்டறிந்தார்கள். அதேபோல், அன்ஸாரிப் பெண்மணியான உம்மு சுலைம் (ரலி) அவர்கள், உறக்கத்தில் விந்து வெளிப்பட்டால் பெண்ணுக்கும் குளிப்புக் கடமையாகுமா என நபி (ஸல்) அவர்களிடமே நேரில் கேட்டார்கள். வெட்கம் அவர்களிடம் இல்லாமலில்லை. அறிய வேண்டியதை அறிவதற்கு அது குறுக்கே நிற்க அவர்கள் விடவில்லை. இவற்றையெல்லாம் பிறருக்குச் சொன்ன நாம், எமக்கென்று வந்தபோது மறந்துவிட்டோம்.

இரண்டு நாட்களில் மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவமனைக்குச் சென்றோம். அங்கும் ஒரு சோதனை காத்திருந்தது. நாம் செல்ல வேண்டிய பிரிவின் வாசலில் ‘தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவு’ என்று பெரிதாக எழுதியிருந்தது. நம் மஹல்லாவைச் சேர்ந்த எவரேனும் இப்பலகையின் கீழ் எம்மைக் கண்டால் என்னாவது என்று கால்கள் பின்வாங்கின. படைநோய், தேமல், சொரியாசிஸ் ஆகியவற்றைப் பார்ப்பவர்களும் இதே மருத்துவர்கள்தாம். நம் நாட்டில் இவ்விரு துறைகளும் ஒன்றாகவே கற்பிக்கப்படுகின்றன. அச்சத்தில் இருப்பவனுக்கோ பலகையில் ஒரு சொல் மட்டுமே தெரிகிறது. எமக்கு முன்னால் வரிசையில் நின்றவர் கைக்குழந்தையின் சிரங்குக்காக வந்திருந்தார். அவரைப் பார்த்தே எமக்குத் துணிவு வந்தது.

மருத்துவர் எம்மைவிட இளையவர். கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, விளக்கொளியில் பரிசோதித்தார். மருத்துவத் தேவைக்காக, தேவையான அளவு மட்டும் அவ்ரத்தைக் காட்டுவதை மார்க்கம் அனுமதிக்கிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள். பின்னர் அவர் கேட்ட முதல் கேள்வியே எம்மைத் திகைக்க வைத்தது.

“ஐயா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை சோப்பு போட்டுக் கழுவுறீங்க?”

ஆறேழு முறை என்றோம், சற்றுப் பெருமையோடு. அவர் புன்னகைத்து, “அதை முதல்ல நிறுத்துங்க” என்றார்.

அன்று அவர் விளக்கியவற்றை எம் சொற்களில் தருகிறோம்.

முனைப்பகுதியின் தோல் மிக மென்மையானது. சோப்பு அதன் இயற்கையான எண்ணெய்ப்பசையை அகற்றிவிடும். அடிக்கடி சோப்பு படும்போது தோல் வறண்டு, வெடித்து, அழற்சி கொள்கிறது. கிருமிநாசினித் திரவம் அதனைப் புண்ணாக்கியே விடும். ஆக, சுத்தமின்மையால் இந்நோய் வருவது போலவே, சுத்தத்தில் வரம்பு மீறுவதாலும் வருகிறது.

முன்தோல் நீக்கப்படாதவர்களிடம் இந்நோய் அதிகம் காணப்படுவது உண்மையே. முன்தோலின் அடியில் வெண்ணிறப் படிவும் ஈரமும் தங்கி, கிருமிகளும் பூஞ்சையும் பெருக இடமாகின்றன. சுன்னத் செய்தவர்களுக்கு இவ்வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. ஆனால் அறவே இல்லை என்று ஆகிவிடுவதில்லை. கேண்டிடா என்னும் பூஞ்சை, சிலவகை பாக்டீரியாக்கள், பால்வினைத் தொற்றுகள், சொரியாசிஸ் முதலிய தோல் நோய்கள் ஆகியன எவரையும் தாக்கக்கூடும். சிலருக்கு மருந்து ஒவ்வாமையால் வருவதும் உண்டு. சில வலி மாத்திரைகளோ சில ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளோ உட்கொண்டதும் அதே இடத்தில் வட்டமாகச் சிவந்து, ஆறியபின் கருந்தழும்பாக நின்று, அம்மாத்திரையை மீண்டும் உண்ணும்போது அதே இடத்தில் திரும்ப வரும். இவ்வாறு நேர்ந்தவர்கள் அம்மாத்திரையின் பெயரைக் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அடுத்து நாம் வாங்கிய களிம்பைக் காட்டினோம். ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, பாக்டீரியாக்கொல்லி மூன்றும் கலந்தது அது. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் விரைந்து அடக்குவதால் குணமானது போலத் தோன்றும். உள்ளே பூஞ்சை வளர அதுவே வழிவிடும். வீரியமான ஸ்டீராய்டை நெடுநாள் தடவினால் தோலும் மெலிந்துபோகும். சில தோல் நோய்களுக்கு ஸ்டீராய்டே சரியான மருந்தாகும். ஆனால் எந்நோய்க்கு, எவ்வளவு வீரியத்தில், எத்தனை நாள் என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டுமே தவிர, மருந்துக் கடையில் நின்று நாம் முடிவு செய்யலாகாது.

பின்னர் அவர் குடும்பத்தில் எவருக்கேனும் சர்க்கரை நோய் உண்டா என்று கேட்டார். எம் வாப்பாவுக்கு இருந்தது என்றோம். இரவில் எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழுகிறீர்கள் என்றார். மூன்று முறை. தாகம் உண்டா? உண்டு, கோடை என்பதால் என்று எண்ணியிருந்தோம். அழற்சி இருந்த இடத்திலிருந்து சிறிது சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க அனுப்பினார். இரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார்.

முடிவுகள் வந்தபோது பூஞ்சை உறுதியாயிற்று. அதைவிடப் பெரிய செய்தி மற்றத் தாளில் இருந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 198. 126 அல்லது அதற்கு மேல் என்றாலே அது சர்க்கரை நோயின் அளவு. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 6.5 சதவீதம் எல்லையாக இருக்க, எமக்கு 9.1 இருந்தது. நாம் அறியாமலேயே சர்க்கரை நோய் எம் உடலில் குடியேறியிருந்தது. சிறுநீரில் வெளியேறும் சர்க்கரை பூஞ்சைக்கு உணவாகிறது. நோய் எதிர்ப்பு ஆற்றலும் குன்றுகிறது. எனவேதான் நடுவயதில் இவ்வழற்சி புதிதாக வந்தாலோ, மீண்டும் மீண்டும் வந்தாலோ, சர்க்கரையைப் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். நாம் ஒன்றரை மாதம் மறைத்து வைத்தது ஓர் அரிப்பை மட்டுமன்று, அந்த அரிப்பு எமக்கு விடுத்த எச்சரிக்கையையும் சேர்த்தே மறைத்திருந்தோம்.

ஏற்கனவே சர்க்கரைக்கு மருந்து உண்பவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. இதயத்திற்கும் சிறுநீரகத்திற்கும் நன்மை செய்யும் மாத்திரைகளே அவை. ஆயினும் மறைவிடத்தில் பூஞ்சைத் தொற்று வருவது அவற்றின் அறியப்பட்ட பக்கவிளைவு. அவற்றை உண்பவர்களுக்கு அரிப்பு வந்தால் தாமாக மாத்திரையை நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எமக்குத் தரப்பட்ட சிகிச்சை எளிமையானது. சோப்பு, நறுமணத் திரவம், கிருமிநாசினி எதுவும் அவ்விடத்தில் படக்கூடாது. வெதுவெதுப்பான வெறும் நீரால் கழுவி, தேய்க்காமல் மெல்ல ஒற்றி ஈரத்தை நீக்க வேண்டும். இறுக்கமில்லாத பருத்தி உள்ளாடை அணிய வேண்டும். க்ளோட்ரிமசோல் 1 சதவீதக் களிம்பை நாளுக்கு இருமுறை வீதம் 14 நாட்கள், அரிப்பு நின்றாலும் இடையில் நிறுத்தாமல் தடவ வேண்டும். குணமாகும் வரை தாம்பத்தியத்தைத் தவிர்க்க வேண்டும். இவற்றோடு சர்க்கரைக்கான மாத்திரையும், உணவுக் கட்டுப்பாடும், தினமும் நடையும். நோயின் காரணம் வேறாக இருந்தால் மருந்தும் வேறாகும். பாக்டீரியா என்றால் ஆன்டிபயாட்டிக். தோல் நோய் என்றால் அதற்குரிய களிம்பு. முன்தோல் இறுகி அடிக்கடி அழற்சி வருபவருக்கு முன்தோல் நீக்கமே தீர்வாகவும் அமையலாம். எனவே எமக்குத் தந்த மருந்தை எவரும் தமக்கென வாங்கிக்கொள்ள வேண்டாம்.

மருத்துவர், எம் துணைவியாருக்கும் அரிப்போ வெள்ளைப்படுதலோ உண்டா என்று கேட்கச் சொன்னார். வீட்டிற்கு வந்து கேட்டபோதுதான், அவரும் சில வாரங்களாக அவதிப்பட்டுக்கொண்டு எம்மிடம் சொல்லாமல் இருந்தது தெரிந்தது. ஒரே வீட்டில் இருவர், ஒரே துன்பத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறோம்! அவரும் பெண் மருத்துவரிடம் சென்று சிகிச்சை பெற்றார். இப்பூஞ்சை பெரும்பாலும் பால்வினை நோயாகக் கருதப்படுவதில்லை. நம் உடலிலேயே அமைதியாக இருந்து, வாய்ப்புக் கிடைக்கும்போது பெருகுவது. இதைக் காரணமாக்கிக் கணவனை மனைவியோ மனைவியைக் கணவனோ சந்தேகிப்பது பெரும் அநீதி. அதே வேளையில், எவரேனும் உண்மையிலேயே தவறியிருந்தால் அதனை மருத்துவரிடம் மறைப்பது நோயை வீட்டிற்குள் கொண்டுவருவதாகும். தவ்பா அல்லாஹ்விடம், உண்மை மருத்துவரிடம்.

மார்க்கச் சட்டம் குறித்து எமக்கு எழுந்த ஐயங்களை வாசகர்களும் கேட்கக்கூடும். இஸ்தின்ஜாவுக்குத் தண்ணீரே போதுமானது. அசுத்தம் நீங்கிவிட்டால் தூய்மை கிடைத்துவிடுகிறது. சோப்பு நிபந்தனை அன்று. உளூவில்கூட மூன்று முறைக்கு மேல் கழுவுவதை ஃபிக்ஹ் அறிஞர்கள் வெறுக்கத்தக்கதாகவே சொல்கிறார்கள். களிம்பு தடவுவதைப் பொறுத்தவரை, ஷாஃபிஈ மத்ஹபின்படி மறைவிடத்தை உள்ளங்கையால் திரையின்றித் தொட்டால் உளூ முறியும். ஹனஃபி மத்ஹபில் முறியாது. எனவே ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் ஒருமுறை, இஷாத் தொழுகைக்குப் பின் ஒருமுறை என்று வைத்துக்கொண்டோம். எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

பத்து நாட்களில் தோல் பழைய நிலைக்குத் திரும்பியது. மூன்று மாதங்களில் எச்பிஏ1சி 7.2 ஆகக் குறைந்தது. எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே.

புதிய கல்வியாண்டில் தஹாரத் பாடம் வந்தபோது, வழக்கமான பாடத்தோடு சில சொற்களைச் சேர்த்தோம். தண்ணீர் போதும், தேய்த்துப் புண்ணாக்காதீர்கள், அரிப்போ எரிச்சலோ இருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள் என்றோம். வகுப்பு முடிந்ததும் பட்ட வகுப்பு மாணவர் ஒருவர், 22 வயது இளைஞர், எல்லோரும் போகும்வரை காத்திருந்தார்.

“ஹஸ்ரத், சிறுநீர்ச் சொட்டு ஒட்டியிருக்குமோன்னு எனக்கு எப்பவும் சந்தேகம். ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம் சோப்பு போட்டுக் கழுவுறேன். ரெண்டு வருஷமா எரிச்சல் இருக்கு. யார்கிட்டயும் சொல்லல.”

வஸ்வாஸ் எனும் ஊசலாட்டம் அவரைப் பீடித்திருந்தது. மருத்துவரின் முகவரியை எழுதிக் கொடுத்து, துணைக்கு ஒரு நண்பரையும் அழைத்துச் செல்லச் சொன்னோம். சோப்பை நிறுத்தி, மருத்துவர் தந்த மென்களிம்பைத் தடவியதில் சில வாரங்களில் எரிச்சல் அகன்றது. ஊசலாட்டத்திற்கும் தக்க ஆலோசனை பெற்று வருகிறார். ஆனால் இரண்டு ஆண்டுகள் என்று அவர் சொன்னது எம் நெஞ்சை விட்டு அகலவில்லை. அவ்விரண்டு ஆண்டுகளும் எம் வகுப்பில்தான் அமர்ந்திருந்தார். அசுத்தம் பட்டால் தொழுகை கூடாது என்பதை நாம் அழுத்தமாகச் சொன்னோம். எங்கே நிறுத்துவது என்பதை அதே அழுத்தத்தோடு சொல்லவில்லை. அந்தக் குறை எம்முடையது.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். கைக்குழந்தைகளை ஈரத்துணியிலோ நாப்கினிலோ நெடுநேரம் விடாதீர்கள். சுன்னத் செய்யாத சிறு குழந்தையின் முன்தோலை வலிந்து பின்னுக்குத் தள்ளாதீர்கள். அது வயதோடு தானே பிரியும். சுன்னத் செய்த இடம் ஆறும்போது மெல்லிய மஞ்சள் படலம் தோன்றுவது இயல்பு. அதனைச் சீழ் என்று எண்ணித் தேய்த்து எடுக்க வேண்டாம். காய்ச்சல், பரவும் சிவப்பு, துர்நாற்றம், சிறுநீர் வராமை ஆகியவை தென்பட்டால் தாமதமின்றி மருத்துவரிடம் செல்லுங்கள்.

பெரியவர்களும் சில அறிகுறிகளைத் தள்ளிப்போடலாகாது. பின்னுக்குப் போன முன்தோல் முன்னுக்கு வராமல் வீங்கிக்கொள்வதும், சிறுநீர் அடைபடுவதும் அவசர நிலைகள். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரண்டு வாரச் சிகிச்சையிலும் ஆறாத புண், கடினமான கட்டி, இரத்தக் கசிவு, விரிந்துகொண்டே போகும் வெண்திட்டு ஆகியவற்றுக்குச் சதைத் துணுக்குப் பரிசோதனை தேவைப்படலாம். அரிதாகப் புற்றுநோயும் இவ்வடிவில் தொடங்குவதுண்டு. தொடக்கத்தில் கண்டறிந்தால் இன்ஷா அல்லாஹ் குணமாக்கும் வாய்ப்பு அதிகம்.

இக்கட்டுரையை வெளியிடும் முன் எம் துணைவியாரிடம் படிக்கக் கொடுத்தோம். அவர் படித்துவிட்டு, நோய் வந்ததைவிட, நாம் முன்னறையில் போய்ப் படுத்துக்கொண்டதுதான் தமக்கு அதிகம் வலித்தது என்றார். அதையும் எழுதுங்கள் என்றார். எழுதிவிட்டோம்.

நேரில் கேட்க வெட்கமாக இருந்தால், ஆள் அனுப்பியாவது கேளுங்கள். மனைவியிடம் சொல்லுங்கள், நம்பிக்கையான நண்பரிடம் சொல்லுங்கள், உங்கள் ஊர் ஹஸ்ரத்திடமேனும் சொல்லுங்கள். அவரும் ஒருவேளை இதே வழியைக் கடந்து வந்தவராக இருக்கலாம்.

நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! வெட்கத்தை எங்கே பேண வேண்டும், எங்கே வாய் திறக்க வேண்டும் என்ற தெளிவை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.